விழாவும் விளம்பரமும்

தலைநகரில் தமிழர் கூடும் விழா எதுவாயினும், அதற்குப் பொருளுதவி செய்ய வணிக நிறுவனங்கள் முன்வருகின்றன. காப்பித்தூள் விற்போரும் மனை விற்போரும் நம்மை நாடி வருகிறார்கள். சிலர் தம் சரக்கை அறிமுகப்படுத்தவென்றே தனி விழா எடுத்து, எந்த மண்டபம், என்ன கலை நிகழ்ச்சி என்று நம்மிடமே யோசனை கேட்கின்றனர். இதில் வெறுக்கத்தக்கது ஒன்றுமில்லை. மண்டப வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் சந்தாப் பணத்தில் அடங்குவதில்லை. ஆயினும் இத்தகைய விழாவைத் திட்டமிடுவதற்கு ஒரு முறை உண்டு. அது பிறழ்ந்தால் வணிகருக்கும் பயனில்லை, நமக்கும் நலமில்லை.

முதற்கண் இடம். விளம்பரம் செய்ய வருவோர் பகட்டான இடத்தையே நாடுவர். நாம் பார்க்க வேண்டியவை வாயில்கள். 1995 டிசம்பர் 23-ஆம் நாள், ஹரியானாவிலுள்ள டப்வாலியில் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கெனப் போட்ட ஷாமியானா தீப்பற்றி, நானூறு பேருக்கும் மேல் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். வெளியேற இருந்த வழி ஒன்றே. 1997 ஜூன் 13-ஆம் நாள் நம் டில்லியிலேயே உபஹார் திரையரங்கில் 59 உயிர்கள் போயின. கூடுதலாகப் போட்டிருந்த இருக்கைகள் அங்கே வெளியேறும் வழிக்குத் தடையாயின. ஆதலால், கூட்டம் மிகுந்துவிட்டதென்று நடைவழியில் நாற்காலி போட நம் தொண்டர் எவரும் இசையலாகாது. விளம்பரத் தட்டிகளும் விற்பனை மேசைகளும் வாயிலை மறிக்கலாகாது. பூட்டிய கதவைக் கதவென்று எண்ணிக்கொள்ளலும் ஆகாது.

அடுத்தது காலம். பொங்கலையொட்டிய நாட்களில் டில்லியின் குளிரும் பனிமூட்டமும் நாம் அறிந்தவை. மாலையில் திறந்தவெளி விழாவென்றால் முதியோர் வீட்டிலேயே தங்கிவிடுவர். நண்பகல் வெயிலில் அதே மைதானம் இதமாயிருக்கும். மேலும், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்டிகை நாட்களில் சிலவற்றுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் எனினும், அதை நம்பி நிகழ்ச்சி நிரலை நீட்டுதல் நன்றன்று.

இனி, கலை நிகழ்ச்சி. 1952-இல் இலங்கை வானொலியில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. ஒரு பற்பசையின் பெயர் தாங்கிய நிகழ்ச்சிதான் அது. எனினும் நேயர்கள் அதைக் கேட்டது இந்தித் திரைப்பாடல்களுக்காக. பாட்டுக்குக் காது கொடுத்தவர் மனத்தில் பற்பசையின் பெயரும் தங்கிற்று. ஜனங்கள் விரும்புவதை நிறைவாகக் கொடுத்து, தன் பெயரை அதன் ஓரத்தில் வைப்பதே விளம்பரத்தின் சூட்சுமம்.

இதை நாங்கள் நேரிலும் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், மசாலாப் பொடி தயாரிக்கும் நிறுவனத்தார் எங்கள் பொங்கல் விழாவின் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார்கள். நிபந்தனை ஒன்று: குழந்தைகளின் வில்லுப்பாட்டை நீக்கிவிட்டு, அந்நேரத்தில் அவர்கள் அழைத்துவரும் மெல்லிசைக் குழு பாட வேண்டும். அக்குழந்தைகளோ இரண்டு மாதமாகப் பயின்றவர்கள். தமிழ் எழுத்து அறியாத சிலர், தமிழ் வரிகளைத் தேவநாகரியில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தனர். மண்டபத்துக்குப் பணம் கட்டும் கெடுவோ நெருங்கிவிட்டது. குழுவில் நெடுநேரம் விவாதித்தபின், வில்லுப்பாட்டை நீக்குவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு மாறாக, மேடையில் பத்து நிமிடமும், முற்றத்தில் அவர்கள் பொடியாலேயே வைத்த சூடான ரசத்தை வழங்க ஓரிடமும் தருவதாகச் சொன்னோம். அவர்கள் பாதித் தொகைக்கே இசைந்தனர். மீதியை வீடுவீடாகத் திரட்டினோம். விருந்தைச் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல் என்ற அளவில் சுருக்கினோம்.

விழாவன்று பேரப்பிள்ளைகளின் பாட்டைக் கேட்ட பாட்டிமார் கண் கலங்கினர். முற்றத்து ரசத்துக்கு நீண்ட வரிசை நின்றது. குளிருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பொடியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்ட இல்லத்தரசிகள் பலர். நிறுவனத்தாரும் மனநிறைவோடு சென்றனர். தேவநாகரியில் எழுதிப் பாடிய சிறுமியருள் ஒருத்தி, அடுத்த ஆண்டு தன் பங்கைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு வந்தாள். எந்த மெல்லிசைக் குழுவும் இதனை நமக்குத் தந்திருக்க இயலாது.

ஆகவே, அன்பர்களே, பொருளுதவியோடு வருவோரை விருந்தினராய் வரவேற்போம்; ரசமும் பரிமாறச் சொல்வோம். வீட்டுச் சாவியை மட்டும் நம் இடுப்பிலேயே வைத்துக்கொள்வோம்.