விலாட்ஸ்லோவில் முழந்தாளிடும் பெற்றோர்

பெல்ஜியம் தேசத்தின் மேற்குப் பகுதியில், டிக்ஸ்முய்டே பட்டணத்துக்கு அருகே, விலாட்ஸ்லோ என்னும் சிற்றூர் உண்டு. அதன் ஓரத்திலுள்ள தோப்புக்குள் நீங்கள் நுழைந்தால் முதலில் அது கல்லறைத் தோட்டமென்றே தோன்றாது. உயர்ந்து நிற்கும் கற்களும் இல்லை, பூச்செடிகளும் இல்லை. ஓக் மரங்களின் நிழலில், புல்தரையோடு தரையாய்ப் பதிக்கப்பட்ட சதுரக் கற்கள் மாத்திரமே. குனிந்து வாசியுங்கள். ஒரு கல்லில் 20 பெயர்கள்! முதல் உலகப்போரில் மாண்ட ஜெர்மானியப் போர்வீரர் 25,000க்கும் மேற்பட்டோர் இங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். அண்டை தேசத்தின்மேல் படையெடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அந்த தேசமே அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

தோட்டத்தின் கோடியில் இரண்டு கற்சிலைகள் முழந்தாளிட்டிருக்கின்றன. தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாயோ தலைகுனிந்து கூனிப்போயிருக்கிறாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிள்ளையை இழந்த வீட்டுக்குள் சென்றிருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

இவற்றை உருவாக்கியவர் பெர்லினைச் சேர்ந்த கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியரும் சிற்பியுமான அம்மையார். அவருடைய இளைய மகன் பீட்டர், 1914 ஆகஸ்டில் தானாகவே படையில் சேர விரும்பினான். வயது 18. சட்டப்படி தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பனார் கார்ல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்; அவர் மறுத்துவிட்டார். அப்போது மகனுக்காகப் பரிந்து பேசி, கணவரைச் சம்மதிக்கவைத்தவர் இந்தத் தாயே. அக்டோபரில் மகன் மாண்டான்.

"போய் வா" என்று நாமும் நம் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம், அல்லவா? அந்த ஒரு சொல்லை அந்த அம்மையார் எத்தனை இரவுகள் திரும்ப நினைத்திருப்பார்!

மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்யவேண்டுமென்று அந்த ஆண்டே தொடங்கினார். மகனின் உருவத்தையும் வைத்துச் செய்த முதல் முயற்சியைக் கைவிட்டார். 1932ஆம் ஆண்டில்தான், மகன் இல்லாமல், பெற்றோர் இருவர் மாத்திரம் கல்லிலே நின்றார்கள். தாய்க்கு அவருடைய முகம். தகப்பனுக்குக் கார்லின் முகம். முதலில் வேறொரு சிறு கல்லறைத் தோட்டத்தில் இருந்த சிலைகள், 1950களில் சிதறிக்கிடந்த கல்லறைகள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது, பீட்டரின் சரீரத்தோடு விலாட்ஸ்லோவுக்கு வந்தன.

தகப்பன் சிலையின் முன்னே தரையில் கிடக்கும் கல்லை வாசிக்க மறவாதிருங்கள். மற்ற 19 பெயர்களோடு பீட்டரின் பெயரும் அதில் இருக்கிறது.

மூத்த மகன் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரையே இட்டிருந்தார். அந்தப் பேரன் பீட்டரும் 1942இல் ரஷ்ய மண்ணில் போரிலே மாண்டான். பாட்டி அப்போது உயிரோடிருந்தார்.