வண்டிப் பட்டையும் எலக்ட்ரானும்



தொப்பம்பட்டியில் என்னிடம் படித்த ஒருவரின் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். செமினாருக்கு அவளுக்கு வந்த தலைப்பு, 'இரு பரிமாண எலக்ட்ரான் அடுக்கில் திரிபு உண்டாக்கும் சீரான மின்னழுத்த அலைகள்'. அப்பா போனில், "சார், பேரே வாயில நுழையல. விட்டுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லிடவா?" என்றார். பிள்ளைக்கும் பாதி மனசுதானாம்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோக்காரன். பயந்துகொண்டேதான் அந்தத் தாள்களைப் புரட்டினேன். உள்ளே இருப்பது நான் உங்களுக்கு நடத்திய பாடம்! சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களே, சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதேதான்.

காலியம் ஆர்சனைடு என்ற படிகத்துக்குள், மேற்பரப்பை ஒட்டி, எலக்ட்ரான்கள் ஒரே தளத்தில் ஓடும்படி செய்கிறார்கள். படிகத்தின் மேல் மெல்லிய பிசின் வரிகளை இடுகிறார்கள். 200 நானோமீட்டருக்கு ஒரு வரி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 5,000 வரி. மைனஸ் 273 டிகிரிக்கு அருகே குளிர்விக்கும்போது வரிகள் ஓர் அளவு சுருங்கும், படிகம் வேறு அளவு சுருங்கும். படிகம் இழுபடும். இந்தப் படிகத்தை இழுத்தால் மின்னழுத்தம் பிறக்கும். (அடுப்படியில் 'டக்' என்று அழுத்தும் கேஸ் லைட்டரில் பொறி வருவதும் இப்படித்தான்.) எலக்ட்ரான்களுக்கு அது உழுத காடு மாதிரி, மேடும் பள்ளமும்.

காந்தப்புலம் வைத்தால் எலக்ட்ரான் வட்டமடிக்கும். வட்டத்தின் விட்டம் வரி இடைவெளியோடு ஒரு கணக்கில் பொருந்தும்போதெல்லாம் மின்தடை குறையும். 1989இல் ஜெர்மனியில் வைஸ், வான் கிளிட்சிங் குழுவினர் இதைக் கண்டார்கள். அவர்கள் வரி போட்டது ஒளியால். ஆக, வரிகள்தான் அளவுகோல். கண்ணுக்குத் தெரியாத வட்டத்தை அளக்கலாம்.

அதே 1989இல் நம் நாட்டுக்காரர் ஜைனேந்திர ஜெயின் ஒரு கருத்து சொன்னார். வலுவான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சுழல்களைச் சேர்த்துக்கொண்டு 'கூட்டு ஃபெர்மியான்' என்ற புதுத் துகள்களாக நடந்துகொள்ளும் என்று. அந்தத் துகள்களின் வட்டத்தையும் 2014இல் பிரின்ஸ்டனில் இந்தத் திரிபு வரிகளை வைத்தே அளந்தார்கள். ஜெயின் ராஜஸ்தான் கிராமத்துப் பிள்ளை. சிறுவயது விபத்தில் பாதத்தை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு படிக்கப் போனவர். 2025இல் இயற்பியலுக்கான உல்ஃப் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

பேங்க் வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். செமினார் வெள்ளிக்கிழமை. இயற்பியல் படித்த நம் பிள்ளைகள் யாராவது அதற்குள் அவளோடு ஒரு மணி நேரம் பேச முடியுமானால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். தமிழிலேயே பேசுங்கள்.