கெத்தை வழியே ஒரு மலைப்பயணம்

அண்ணல் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் நாங்கள் எட்டுப் பேர் வேன் பிடித்து நீலகிரிக்குக் கிளம்பினோம். எல்லோரும் போகும் குன்னூர் பாதையை விட்டுவிட்டு, காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறினோம். 43 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரிந்தது. மேலே தேக்கிய நீர் அவற்றில் பாய்ந்து, கீழே மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு உருவான குந்தா மின்திட்டம் இது.

டீ குடிக்க நிறுத்தியபோது பேச்சு அம்பேத்கரிடம் போனது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரத் திட்டமிடலும் அவர் பொறுப்பில் இருந்தது. தொழில் வளராமல் வறுமை ஒழியாது, மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது என்று அப்போதே வாதிட்டார். அவரைச் சட்டமேதை என்று மட்டுமே படித்திருந்த தம்பிகளுக்கு இது புதுச்செய்தி.

மஞ்சூர் தாண்டினால் படுகர் ஹட்டிகள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். சாலையோரம் ஊதா நிறத்தில் ஜகரண்டா பூத்திருந்தது. அன்றிரவு ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் தங்கினோம். எங்கள் தோழர் ஒருவரின் அத்தை வீடு. 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்படி வந்த மலையகக் குடும்பம் அது.

"தலைமன்னார்ல கப்பலேறுனப்போ எனக்குப் பத்து வயசு. இந்த வீடும் வேலை இருக்குற வரைக்கும்தான் தம்பி" என்றார் அத்தை. பேத்தி பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.

"தாத்தாவோட சான்றிதழக் கேக்குறாங்க. அவரு பொறந்தது சிலோன்ல. நான் எங்க போவேன்?"

டிரங்குப் பெட்டியிலிருந்து, கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்து வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

மறுநாள் பைக்காராவில் படகு சவாரி என்று திட்டம். 1932இல் மின் உற்பத்தி தொடங்கிய பைக்காராவை அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். சட்டம் படிக்கும் இருவர் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். மற்றவர்கள் பக்கத்து வீடுகளில் கேட்டோம். இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இதே சிக்கல். நான்கு மனுக்களோடு இறங்கினோம்.

பதில் வந்ததும் எழுதுகிறோம். விடுமுறைக்கு மலையேறும் தம்பி தங்கைகளே, லைன் வீடுகளுக்கும் போய் வாருங்கள். கையோடு பேனாவும் வெள்ளைத்தாளும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.