பெரிய தாங்கி வாங்கட்டோ?

கனடாவில சின்னதா பியர் ஆலை நடத்துற கொட்டாஞ்சேனை மச்சானுக்கு வியாபாரம் ஏறுது. "பியர் புளிக்க வைக்க ஆகப் பெரிய தாங்கியா ஒண்டு போடட்டோ?" எண்டு நேற்றுக் கேட்டான். வெள்ளவத்தைக் கடற்கரையில நிண்டு போன்லயே கணக்குப் பார்த்தம்.

எயில் ரெண்டு கிழமையில இறங்கினா ஒரு தாங்கி வருசத்துக்கு 26 தரம் சுத்தும். ஐஞ்சு கிழமை கிடக்கிற லாகர் 10 தரம்தான். ஆயிரம் லீட்டர் வடிச்சா, நுரை பொங்க 250 லீட்டர் இடமாவது மேல விடோணும், தோசைமாச் சட்டி மாதிரி. ரெண்டு காய்ச்சல் கொள்ளுற இரட்டைத் தாங்கி எண்டா ஒரு நாளுக்குள்ள ரெண்டு தரம் காய்ச்சி நிரப்போணும். அரைவாசியில விட்டா மேல் பக்கக் குளிர்ச் சட்டை சும்மா கிடக்கும்.

எங்கட ஊரிலயும் 1881இல நுவரெலியாவில தொடங்கின ஆலைதான் பிறகு பியகமவுக்கு வந்த லயன் பியர் ஆலை. எல்லாம் படிப்படியாத்தான்.

ஓடுற சரக்குக்கு மட்டும் இரட்டை, மற்றதுக்குச் சின்னன் எண்டு முடிவெடுத்திருக்கிறான். அனுபவப்பட்ட ஆக்கள் என்ன சொல்லுறியள்?