செவியும் சொல்லும்

நிறைவுவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என ஆசிரியர் பணித்தபோது, யான் கற்ற கல்வியைப் பற்றியே எழுதத் துணிந்தேன். “காது மெஷின் பூட்டுகிற படிப்போ?” என நம் கல்லூரி நண்பர் பலர் வினவியதுண்டு. அவர்களுக்கு விடையாகவும் இஃது அமையட்டும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடு என் ஊர். 2009 தை மாதத்தில் ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தபின் என் பெரியப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அழைத்தால் திரும்புவார், கேட்டதற்கு வேறொன்று சொல்வார். செல்லடியில் மூளை கலங்கிவிட்டது என்றே வீட்டார் எண்ணினர். யானும் அவ்வாறே எண்ணினேன்.

றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானங்களை நான்காண்டு பயின்று, பட்டப்பின் கல்விக்கு மைசூர் சென்றேன். 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் அங்கு மானசகங்கோத்திரியில் இருக்கின்றது. ஈராண்டுப் படிப்பு. உறங்கும் பச்சிளங் குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மறுமொழியைப் பதியக் கற்றோம். சாம்பாரின் வெல்ல இனிப்புக்கு மட்டும் என் நா கடைசிவரை பழகவில்லை.

இத்துறை வளர்ந்ததே போரினாலென்று அங்கு படித்தேன். இரண்டாம் உலகப் போரில் செவி பழுதுற்று மீண்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பயிற்சியளித்த மருத்துவமனைகளில் அது உருப்பெற்றது. றேமண்ட் காஹாட் என்பார் முன்னோடிகளுள் ஒருவர். வெடியதிர்ச்சி உட்செவியைத் தாக்கும்போது பெரும்பாலும் உச்ச ஒலிகளே முதலிற் கெடும். உயிரொலிகள் கேட்கும், சகரம் போன்ற மெல்லிய மெய்யொலிகள் மறையும். குரல் வந்து சேரும், சொல் வந்து சேராது. பெரியப்பாவின் முகம் அந்த விரிவுரையிலேயே என் கண்முன் வந்துவிட்டது.

ஆயினும் இடர் ஒன்றிருந்தது. சொற்களைக் கேட்பித்துத் திருப்பிச் சொல்லச்செய்யும் சோதனைக்குத் தமிழகத்தார் குரலிலுள்ள பட்டியலையே யான் பயன்படுத்திவந்தேன். அவர் “பேனா” என்பர். நம்மவர் “பேனை” என்பர். “காற்று” என்பதில் வரும் றகரத்தையும் அவர் ஒருவாறு, நாம் வேறொருவாறு ஒலிக்கின்றோம். நன்கு கேட்டவனுக்கும் பிழை போட நேரும். ஆதலால் வன்னி வழக்குக்கேற்ற 25 சொற்களைத் தெரிந்து, என் குரலிலேயே பதிந்துகொண்டேன். பல இரவுகள் அதிலேயே கழிந்தன.

விடுமுறையில் பெரியப்பாவை அமைதியான அறையொன்றில் இருத்திச் சோதித்தேன். வரைபடம் 2000 ஹேர்ட்ஸ் வரை ஓரளவு நேராகச் சென்று, 4000இல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கிற்று. 25 சொற்களில் 16 பிழை. கேட்கருவியை அவர் செவிக்கேற்பச் சீர்செய்து அணிவித்து, சொற்களின் வரிசையை மாற்றி மீண்டும் சொல்லுவித்தேன்.

“எத்தினை பிழை, தம்பி?” என்றார்.

“ஏழு, பெரியப்பா. முந்திப் பதினாறு.”

சற்று நேரம் வாளாவிருந்தார். பின்னர், “அப்ப எனக்கு மூளை சுகமெண்டு உன்ர பெரியம்மாவிட்டைச் சொல்லு” என்றார்.