ஒரு வரிக்கு எட்டு

90களில் மீடியா போன்ற பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகள், நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கலாக்ஸியன், 1942, ஸ்டார் ஃபோர்ஸ் என்று வானச் சண்டைக்குக் கேசட்டில் பஞ்சமே இருக்காது. அந்தப் பெட்டிக்குத்தான் இன்றும் பட்டாசு ஊரான திருத்தங்கலில் உட்கார்ந்து, அதன் 6502 செயலியின் அசெம்பிளி மொழியில், மேல்நோக்கிப் பறக்கும் விண்கல விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைட். அதையாவது சமாளித்துவிடலாம். கையைக் கட்டுவது இன்னொரு விதி: திரையில் 64 ஸ்பிரைட் (நகரும் சிறு படம்) வைக்கலாம், ஆனால் ஒரே கிடைவரியில் 8-க்கு மேல் தெரியாது. ஒரு ஸ்பிரைட் 8 புள்ளி அகலம். என் எதிரிக் கப்பல் 16 புள்ளி, அதாவது இரண்டு ஸ்பிரைட். நான்கு கப்பல் தோளோடு தோள் வந்தால் வரி நிரம்பிவிடும். அதே வரியில் ஒரு குண்டு வந்தால் அது கண்ணிலேயே படாமல் போகலாம். தெரியாத குண்டுக்கு ஆட்டக்காரரைப் பலிகொடுப்பது துரோகம். அதனால் அணியைச் சாய்த்து விடுகிறேன். ஒவ்வொரு கப்பலும் முன்னதைவிட 16 வரி மேலே. பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். அழகும்தான்.

நெரிசல் தவிர்க்க முடியாத இடத்தில் ஸ்பிரைட் வரிசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் சுழற்றுவோம். எதுவும் முழுதாக மறையாது, எல்லாம் மாறி மாறிச் சிமிட்டும். நம் டிவிக்கு நொடிக்கு 50 ஃபிரேம். ஜப்பானின் 60-ஐவிட இங்கே சிமிட்டல் உறுத்தும்.

கப்பல் வெடிக்கும் காட்சியை மட்டும் ஊரிடம் கற்றேன். பேன்சி வெடி வானத்தில் விரிவதை உற்றுப் பாருங்கள். நெருப்புத் துளிகள் முதல் கணத்தில் பாயும். காற்று தடுத்ததும் சட்டென வேகம் குறையும். நடு இருண்டு வளையம் மட்டும் நிற்கும். என் வெடிப்பும் மூன்றே படம்: வெள்ளைப் பொட்டு 2 ஃபிரேம், முழு விரிவு 4, நடு காலியான சிதறல் 10. சம நேரம் கொடுத்தால் பலூன் ஊதுவது போலாகிவிடுகிறது. விண்வெளியில் காற்று ஏது என்று கேட்கலாம். இந்த ஊரில் வளர்ந்த கண் அதை ஒப்புக்கொள்ளாது.

பெட்டியைக் கணினியில் நடித்துக்காட்டும் எமுலேட்டரில் எட்டு என்ற வரம்பையே நீக்கிவிட முடியும். அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரியும். சிமிட்டல் தாங்குமா என்பதைப் பழைய பெட்டியும் படக்குழாய் டிவியும்தான் சொல்லும். உங்கள் பரணில் அவை இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.