லூசியன் பிளாகாவின் மௌனங்கள்

நான்கு வயது வரை வாய் திறக்காத ஒரு பிள்ளையை ஊரார் என்னவென்று நினைத்திருப்பார்கள்? 1895 மே 9 ஆம் திகதி, திரான்சில்வேனியாவின் லன்க்ரம் என்ற கிராமத்தில், ஓர்தோடொக்ஸ் பாதிரியார் ஒருவரின் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்த லூசியன் பிளாகா அப்படித்தான் இருந்தார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றை அவர் இந்த மௌனத்திலிருந்தே ஆரம்பிக்கிறார். 1943 இல் வெளிவந்த கவிதையொன்றில், தன்னைத் தானே வரைந்து காட்டும்போதும், ஊமை என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

ருமேனியா என்றதும் நம்மில் பலருக்கு சௌஷெஸ்குவும் டிராகுலாவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அங்கிருந்து ஒரு கவிஞர் நம்மிடம் வந்து சேர ஆங்கிலத்தின் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. நானும் பிளாகாவை அப்படித்தான் வாசித்தேன். மூலத்தின் ஓசை கிடைக்கவில்லை. ஆனாலும் சிந்தனை கடல் தாண்டி வந்துவிடுகிறது.

அவர் பிறந்தபோது திரான்சில்வேனியா ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. சிபியுவில் இறையியலும் வியன்னாவில் தத்துவமும் படித்து, 1920 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டே ‘ஒளியின் கவிதைகள்’ வெளிவந்துவிட்டது. ஒளி என்றால் இருளை அகற்றுவது என்றுதானே நாம் பழகியிருக்கிறோம். பிளாகாவின் ஒளியோ இருளை இன்னும் ஆழமாக்கிக் காட்டுகிறது. பொருளொன்றை அறிவது என்பது அதன் மர்மத்தைக் கொன்றுவிடுவதாக இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

இந்தக் கவிதை உணர்வைத்தான் அவர் பின்னர் பெரும் தத்துவமாகக் கட்டியெழுப்பினார். பிரபஞ்சத்தின் மையத்தில் இருப்பதை அவர் ‘மகா அநாமதேயர்’ என்று அழைத்தார். அவர் தம்மைப் பற்றிய முழு அறிவு மனிதனுக்குக் கிட்டாதபடி ஒரு தணிக்கையை விதித்திருக்கிறார். அந்தத் தடையில் மோதி மோதியே மனிதன் கவிதையும் கலையும் தொன்மமும் படைக்கிறான் என்பது பிளாகாவின் வாதம். இறைநம்பிக்கை உள்ள வாசகனுக்கு இது நெருடும். அங்கும் நெருடத்தான் செய்தது. ஸ்தனிலோவாய் என்ற ஓர்தோடொக்ஸ் இறையியலாளர் 1942 இல் இதை மறுத்து ஒரு நூலே எழுதினார். எனக்கும் இதில் உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் தெரியாமையை அவமானமாகக் கருதாத ஒரு தத்துவம் என்ற வகையில் அதன் மீது மதிப்பு உண்டு.

இடையில் அவர் இராஜதந்திரியாகவும் இருந்தார். வார்சோ, பிராக், பேர்ண், வியன்னா, லிஸ்பன் என்று வாழ்க்கை நகர்ந்தது. 1937 இல் ருமேனிய அக்கடமியில் அவர் ஆற்றிய ஏற்புரை ருமேனியக் கிராமத்தைப் போற்றியது. ஐரோப்பியத் தலைநகரங்களில் வாழ்ந்த ஒருவர் கிராமத்தைப் பாடுவதில் புதினமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கிராமமும் அழகுதான்.

அடுத்து வரும் பக்கத்தைத்தான் அவருடைய அபிமானிகள் விரைவாகப் புரட்டிவிடுகிறார்கள். 1937 டிசம்பர் கடைசியில் ஒக்டேவியன் கோகா என்ற இன்னொரு கவிஞர் பிரதமரானார். அவரது அரசாங்கம் சுமார் ஆறு வாரமே நீடித்தது. அதற்குள், 1938 ஜனவரியில், யூதர்களின் குடியுரிமையை மீள்பரிசீலனை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 2 இலட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் குடியுரிமையை இழந்தனர். அந்த அரசாங்கத்தில் வெளிவிவகார துணைச் செயலாளராக இருந்தவர் பிளாகா. அது அவரது அமைச்சின் சட்டமல்ல என்று சொல்லலாம். பதவிக்காலமும் சில வாரங்கள்தானே என்று சொல்லலாம். மர்மத்தின் முன் மௌனம் காப்பது வேறு, அயலவன் நாடற்றவனாக்கப்படும் மேசையில் அமர்ந்திருப்பது வேறு. சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. இதை எழுதாமல் அவரது துன்பத்தை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

துன்பமும் வந்தது. 1938 முதல் குளுஜ் பல்கலைக்கழகத்தில் கலாசாரத் தத்துவம் கற்பித்த பேராசிரியரை 1948 இல் கம்யூனிச ஆட்சி வெளியேற்றியது. அக்கடமியின் குளுஜ் கிளை நூலகத்தில் நூலகராக வேலை பார்த்தார். 1943 க்குப் பின் உயிரோடிருந்த காலத்தில் அவரது புதிய கவிதைத் தொகுதி ஒன்றுகூட வெளிவரவில்லை. தணிக்கையைப் படைப்பின் ஊற்றாகக் கண்ட தத்துவவாதிக்கு, முத்திரையும் கோப்பும் கொண்ட தணிக்கை வாய்த்தது.

அடக்குமுறைதான் நல்ல இலக்கியத்தைத் தருகிறது என்று நமது கூட்டங்களில் சிலர் பெருமையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிளாகாவை உதாரணம் காட்டவும் இடமுண்டு. அந்த ஆண்டுகளில் அவர் மேசை அறைக்காக நிறையவே எழுதினார். எனக்கு இந்தப் பேச்சில் சம்மதமில்லை. வாசகர் முகம் காணாமல், மாணவர் கேள்வி கேளாமல் கழிந்த பதின்மூன்று வருடங்களை எந்தக் கவிதையும் ஈடுசெய்யாது.

மொழிபெயர்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. அவரது ‘பௌஸ்ட்’ மொழிபெயர்ப்பு 1955 இல் வந்தது. பின்னர் லெஸ்ஸிங்கின் படைப்புகளையும் பெயர்த்தார். யூதரையும் முஸ்லிமையும் கிறிஸ்தவரையும் ஒரே மேடையில் சமமாக நிறுத்திய ‘ஞானி நாத்தான்’ நாடகத்தின் ஆசிரியர் அந்த லெஸ்ஸிங். அந்தப் பெயரைக் கையெழுத்துப் பிரதியில் எழுதும்போது 1938 இன் அந்த ஆறு வாரங்கள் அவர் நெஞ்சில் வந்து போயினவா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

1961 மே 6 ஆம் திகதி குளுஜில் காலமானார். மூன்று நாள் கழித்து, பிறந்த நாளன்றே, லன்க்ரம் மண்ணில் அடக்கம் செய்தார்கள். தெரிவு செய்யப்பட்ட கவிதைகள் மறு வருடம் அச்சாயின. இன்று சிபியு பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மேசை அறைக்குள் ஒரு நாவலும் கிடந்தது. ‘கேரோனின் படகு’ என்ற அந்த நாவல், ஆட்சி கவிழ்ந்த பிறகு, 1990 இல்தான் வெளிவந்தது. அதில் பிளாகா தன்னை இரண்டு ஆட்களாகப் பிரித்துக்கொள்கிறார்: ஒருவன் கவிஞன், மற்றவன் தத்துவவாதி. தத்துவவாதி தற்கொலை செய்துகொள்கிறான். கவிஞன் உயிர்தப்பி, கதையைச் சொல்கிறான்.